எரர் மெசேஜில் தமிழ் உடைந்து வந்தால் என்ன செய்வது?

புதுச்சேரியில் தெருப் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழும் பிரெஞ்சும் ஒரே பலகையில் இருக்கும். அந்தத் தெருப் பெயர்களை ஒரு ஃபைலில் போட்டு, படித்துக் காட்ட பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். விண்டோஸ் திரையில் ஒழுங்காக ஓடியது. அதே வெளியீட்டை இன்னொரு ஃபைலுக்குத் திருப்பியதும் 'யூனிகோட்என்கோட்எரர்' என்று விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு வரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் தமிழ் எழுத்தில்தான் தடுக்கியது.

காரணம் சின்னதுதான். பைத்தான் 3.6 முதல் விண்டோஸ் திரைக்கு யூனிகோடிலேயே (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் முறை) எழுதும். ஃபைலுக்குத் திருப்பினால் கணினியின் பழைய குறிமுறையை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை, எடுத்துக்கொள்ளும். என் கணினியில் அது 1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதில் பிரெஞ்சின் கோடு போட்ட எழுத்துகளுக்கு இடம் உண்டு, 'க'வுக்குக் கிடையாது.

சரி, வேலையைத் தொடங்கலாம். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் டெர்மினலில் (கமாண்டு தட்டும் திரை) 'பிரிண்ட்எஃப் கடலூர் | டபிள்யூசி -சி' என்று கொடுத்தால் 18 வர வேண்டும். கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்கு க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கிலத்துக்கான பழைய குறிமுறையான ஆஸ்கியில் மொத்தமே 128 இடம், தமிழ் ஒன்றுகூட இல்லை. 18 வந்தால் டெர்மினல் சரியாகத்தான் அனுப்புகிறது, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

அடுத்து, உடைந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். எப்படி உடைந்திருக்கிறது என்பதே பாதி விடை. வெறும் கட்டங்கள் என்றால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 தமிழை யாரோ 1252 என்று நினைத்துப் படிக்கிறார்கள். வட்டத்துக்குள் சி வந்தால் அது பெரும்பாலும் பொந்திஷேரியின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வரும் கோடு போட்ட ஈ. \340\256\225 போல எண்கள் வந்தால் பயப்படாதீர்கள். அது 'க'வின் மூன்று பைட்டும், எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணில். ஃபைல் பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறிகள்தான் மோசம். அந்த வெளியீட்டில் எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், அதிலிருந்து மீட்க முடியாது.

எண்கள் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வந்தால் ஒரே வரி போதும்: 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்'. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் போன்ற கமாண்டுகளின் பிழைச்செய்தியில் வந்தால் 'லோகேல்' என்று தட்டிப் பாருங்கள், மொழி அமைப்பைக் காட்டும். சி அல்லது போசிக்ஸ் (இரண்டும் ஆஸ்கி மட்டுமே தெரிந்த அமைப்பு) என்று காட்டினால் 'எக்ஸ்போர்ட் லாங்=சி.யூடிஎஃப்-8' (லாங், சி, யூடிஎஃப் மூன்றும் பெரிய எழுத்தில்; லாங் என்பது 'லேங்குவேஜ்' சொல்லின் முதல் நான்கு எழுத்து). அதன் பிறகும் மாறவில்லையா? பெரும்பாலும் எல்சி_ஆல் என்ற மாறியில் (இதுவும் பெரிய எழுத்தில்) ஏதாவது மதிப்பு இருக்கும். அது லாங்கை மிதித்துவிடும். இதைக் கவனிக்காமல் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

பிழைச்செய்தியை இணையத்தில் தேட ஆங்கிலத்தில் வேண்டும் என்று பலர் கமாண்டுக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' போடுவார்கள். செய்தி ஆங்கிலத்தில் வரும், ஆனால் தமிழ் ஃபைல் பெயர் எண்ணாகிவிடும். அங்கேயும் சி.யூடிஎஃப்-8 போட்டால் இரண்டும் பிழைக்கும்.

விண்டோசில் 'சிஎச்சிபி 65001' டெர்மினலை யூடிஎஃப்-8க்கு மாற்றும். ஆனால் என் சிக்கலைத் தீர்த்தது அது இல்லை. 'செட் பைத்தான்யூடிஎஃப்8=1' தான் தீர்த்தது (மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து). பைத்தான் 3.7 முதல் இது வேலை செய்யும்.

நீங்களே எழுதும் பைத்தான் நிரலில் பிழைச்செய்திகளை வழக்கமான வெளியீட்டில் (எஸ்டிடிஅவுட்) கலக்காமல், பிழைகளுக்கான தனி வழியான எஸ்டிடிஎரருக்கு அனுப்புங்கள். எஸ்டிடிஅவுட் பொதுவாகத் தெரியாத எழுத்தைக் கண்டால் நிரலையே நிறுத்திவிடும். எஸ்டிடிஎரர் அப்படியில்லை. 'க'வை எழுத முடியாவிட்டால் \யூ0பி95 என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பிழையைச் சொல்ல வந்த வரியே பிழையாகி விழுவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அப்புறம், நீளமான செய்தியை இத்தனை எழுத்து என்று வெட்டாதீர்கள். கடலூரை ஐந்தில் வெட்டினால் புள்ளி போய் 'கடலூர' ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் அரை எழுத்து தொங்கும்.

எல்லாம் மாற்றியபின், பாதியில் நின்ற பழைய வெளியீட்டு ஃபைலை அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டுங்கள். நான் அழிக்காமல், பழையதன் கடைசியிலேயே புது வரிகளைச் சேர்த்துவிட்டேன். மேல் பாதி 1252, கீழ் பாதி யூடிஎஃப்-8 என்று ஒரே ஃபைலில் இரண்டு குறிமுறை. எந்த எடிட்டரில் திறந்தாலும் ஒரு பாதி குப்பையாகத்தான் தெரிந்தது.