குழந்தைக்கு எந்த நிரல்மொழி? ஒரு சதுரம் வரைந்து பாருங்கள்

எந்த மொழிக்கு வேலை கிடைக்கும் என்ற கேள்வியைப் பத்து வயதில் கேட்க வேண்டாம். தப்பு செய்தால் அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். 1967-இல் வந்த லோகோ மொழி, பிறகு ‘ஆமை’ என்ற உருவத்தைக் கட்டளையால் நகர்த்திக் கோடு போட வைத்தது இதற்காகத்தான். அதே சோதனையை நாமும் செய்வோம்.

படி 1: இன்னும் சரளமாக வாசிக்காத 5–7 வயதுப் பிள்ளைக்கு, படக் கட்டளைகளை இழுத்துக் கோக்கும் ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலி. பூனையை வலம் 5, மேல் 5, இடம் 5, கீழ் 5 கட்டம் நகர்த்தச் சொல்லுங்கள். கோடு விழாது, கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் சரி.

படி 2: வாசிக்கத் தெரிந்ததும், ஏறக்குறைய 8 வயதில், சொற்கள் எழுதிய கட்டளைகளை இழுத்துக் கோக்கும் ஸ்க்ராட்ச். இடப்பக்கக் கீழ் மூலையிலுள்ள பொத்தானை அழுத்திப் கோடு வரையும் கட்டளைகள் கொண்ட பேனா நீட்டிப்பைச் சேருங்கள். முதலில் எல்லாம் அழி, நடுவுக்குப் போ (0, 0), திசை 90, பேனாவை இறக்கு. பிறகு 4 முறை: 100 அடி நகர், 90 பாகை திரும்பு. முதல் வரிசைக் கட்டளைகளை விட்டுவிட்டால், அடுத்த முறை ஓட்டும்போது பழைய கோட்டின் மேல் புதுக்கோடு விழும். நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் 0.5 நொடி காத்திருக்கச் சொல்லுங்கள்.

அடுத்து முக்கோணம். பெரும்பாலான பிள்ளைகள் 3 முறை, 60 பாகை என்று போடுவார்கள். அறுகோணத்தின் பாதிதான் வரும். முக்கோணத்தின் உட்கோணம் 60 என்றாலும் பூனை திரும்புவது வெளிக்கோணத்தில்: 360-ஐ 3-ஆல் வகுத்தால் 120. விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையைத் தரையில் நடக்கவிட்டு, மூலையில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: தட்டச்சு கைவந்த பிறகு, கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் பைத்தான். கோடு வரையும் டர்ட்டில் (ஆமை) தொகுதி கூடவே வருகிறது, அதே சதுரத்தை வரையலாம். இங்கே மூன்று இடங்களில் சிக்கும். கோப்புக்கும் டர்ட்டில் என்றே பெயர் வைத்தால் பைத்தான் தொகுதியை விட்டு அந்தக் கோப்பையே திறந்து பிழை காட்டும். சுற்றுக்குள் வரும் வரிகளுக்கு முன் ஒரே அளவு இடைவெளி (வழக்கமாக 4) விடாவிட்டாலும் பிழைதான். கடைசியில் 'முடிந்தது' என்று பொருள்படும் done() கட்டளை இல்லாவிட்டால் படம் வரைந்ததும் சன்னல் மூடிக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொற்கள்தான் தடை என்றால் எழில் மொழி இருக்கிறது. 'பதிப்பி' போன்ற தமிழ்க் கட்டளைகளிலேயே எழுதலாம். ஆனால் தமிழ்த் தட்டச்சுப் பழக ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். இல்லையென்றால் பிள்ளை எழுத்தைத் தேடிக் களைத்துவிடும்.