வசந்தகாலப் பனியில் ஏறும் முன் இரவைப் பாருங்கள்

மணாலிக்கு மேலே சோலாங், துண்டி, பியாஸ் குண்ட் பக்கம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை போகிறவர்களில் பலர் காலை வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பனிச்சரிவு ஆபத்தை அறியப் பார்க்க வேண்டியது முந்தைய இரவு எப்படி இருந்தது என்பதை.

பகலில் உருகிய பனி இரவில் உறைந்தால் பருக்கைகள் இறுகிப் பிணையும். உறையாவிட்டால் தண்ணீர் அடுக்குகளுக்குள் இறங்கி அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். பிறகு சரிவில் கிடப்பது ஈரம் ஏறிய கல்லுப்பு மாதிரிதான், ஒன்றை ஒன்று பிடிக்காது. வானம் தெளிந்த இரவில் காற்று பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானுக்கு விட்டு உறைந்துவிடும். மேகம் மூடினால் அது நடக்காது. இரவெல்லாம் மேகம், விடிந்ததும் பளிச்சென்ற வெயில்: பலரை ஏமாற்றுவது இந்தக் காலைதான்.

அதிகாலை 3 மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்து பூட்ஸால் ஓங்கி உதையுங்கள். பிறகு ஐஸ் ஆக்ஸால் கொத்திப் பாருங்கள். மேல்தோல் உங்கள் முழு எடையையும் தாங்கினால் கிளம்பலாம். ஒரு விரல் கனத்துக்கு ஓடும் அதன் கீழே கூழுமாக இருந்தால், அன்று செங்குத்துச் சரிவு வேண்டாம்.

கிழக்குச் சரிவில் முதலில் வெயில் படும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. ஏறுவதோடு இறங்கும் வழிக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10 மணிக்குள் செங்குத்தான இடங்களை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். கடிகாரம் என்ன காட்டினாலும், பாறையடியிலிருந்து பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினாலோ, பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தாலோ திரும்புங்கள். முழங்கால் வரை புதையும்போது நேரம் கடந்துவிட்டது.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. சாய்வைக் கைபேசிச் செயலியிலேயே அளக்கலாம். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரி என்பது மட்டும் போதாது. தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள். நாலாவின் (மலை ஓடையின்) வாயில் கூடாரம் போடாதீர்கள், மேலிருந்து வருவதெல்லாம் அங்கேதான் கொட்டும். மேற்கிலிருந்து வரும் மழை, பனி மண்டலங்களான மேற்கத்திய இடையூறுகளால் ஏப்ரலிலும் புதுப்பனி விழும். அதன்மேல் முதல் வெயில் படும் நாளில் ஏறாதீர்கள். டி.ஆர்.டி.ஓ.வின் (இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின்) ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அது பெரிய வட்டாரத்துக்கானது, உங்கள் சரிவை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

நாலா மேல் உள்ள பனிப்பாலத்தை இறுகிய காலையில் மட்டும், ஒவ்வொருவராக, பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கடக்கவும். நடுவே சாம்பல் நிறத்தில் குழிந்திருந்தால் வேறிடம் தேடுங்கள்.

டிரான்சீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), 240 செ.மீ. ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருப்பது வீண். தேடும்போது கைபேசியை டிரான்சீவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி வையுங்கள், அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. ஈரப்பனி சரிந்து வந்து நின்றதும் கெட்டியாகிவிடும், பிளாஸ்டிக் மண்வாரி உடையும். ப்ரோப் தட்டிய இடத்துக்கு நேர்மேலே தோண்டாதீர்கள். ஆழம் ஒரு மீட்டர் என்றால், சரிவின் கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளித் தொடங்கி உள்நோக்கித் தோண்டுங்கள். ப்ரோப்பை மட்டும் பிடுங்காதீர்கள்.