முதல் ஃபெல்லோஷிப் விண்ணப்பம்: ஒரு தெருவை எண்ணுவதில் தொடங்குங்கள்

தன் ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கு ஃபெல்லோஷிப் (ஒரு திட்டத்தைச் செய்து முடிக்கக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் உதவிப் பணம்) தருகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஐந்தே கேள்விகள். என்ன பிரச்சினை, யாருக்கு, நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு ஆகும், நடந்ததா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் கேள்வியிலேயே கவிழ்ந்துவிடுகின்றன. "வட ஆற்காட்டு முஸ்லிம்களின் கல்வியை உயர்த்துவது" என்பது மேடைக்குச் சரி. ஆறு மாதமும் ஒரு லட்ச ரூபாயும் கையில் இருக்கிறவருக்கு அது திட்டம் ஆகாது.

இந்த விளக்கத்துக்கு வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பீடித் தொழிலை எடுத்துக்கொள்வோம். பீடி சுருட்டுவோரின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆரம்ப வகுப்புகளுக்கு 1,000 ரூபாய், தொழிற்படிப்புகளுக்கு 25,000 ரூபாய் வரை. விண்ணப்பம் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் என்ற மத்திய அரசு இணையதளத்தில். திட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, பல வீடுகளுக்கு வந்து சேருவதில்லை. ஃபெல்லோஷிப்புக்கு ஏற்ற பிரச்சினை இப்படித்தான் இருக்கும்.

படி 1: 40 வீடுகள்

நடந்து போகும் தூரத்தில் 40 வீடுகளை எடுங்கள். கேள்விகள் நான்கு போதும்: பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உண்டா? படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு? போன வருடம் விண்ணப்பித்தீர்களா? பணம் வந்ததா?

தாளில் எழுதிக் கேளுங்கள், கூகுள் ஃபார்ம் வேண்டாம். வீட்டில் ஒரே ஃபோன்தான் இருக்கும், அது மகன் கையில் இருக்கும், அம்மாவுக்குப் பதிலாக அவனே பதில் சொல்லிவிடுவான். கேட்கப் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பேச்சு வாசலோடு முடியும். வீட்டில் உருது பேசுகிறவர்களிடம் தமிழ்த் தாளை நீட்டாமல், நீங்களே உருதுவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளி மதியமும் நோன்பு மாதத்து மாலைகளும் வேண்டாம்.

பீடி சுருட்டுவது முஸ்லிம்கள் மட்டுமல்ல. அதே தெருவில் உள்ள மற்றவர்களையும் எண்ணுங்கள். "ஏன் ஒரு சமூகத்துக்கு மட்டும்?" என்ற நேர்முகக் கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

படி 2: எங்கே அடைக்கிறது?

பணம் வராத வீடுகளில் காரணத்தைத் தோண்டுங்கள். பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருக்காது, பெயர்தான் காரணமாக இருக்கும். பீடி அட்டையில் "ஷமீம்", ஆதாரில் "ஷமீமா பேகம்", வங்கிப் புத்தகத்தில் "பி.ஷமீமா". அடுத்தது வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாதது. மூன்றாவது முகவரி. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் பழைய ஆவணங்களில் இன்னும் வேலூர் என்றே இருக்கலாம். விண்ணப்பத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குழப்பம் வரும்.

இதற்குப் பிறகு பிரச்சினையை மூன்று வரியில் எழுதலாம்: இத்தனை வீடுகளில் இத்தனை பிள்ளைகள் தகுதி உள்ளவர்கள், இத்தனை பேருக்கு வரவில்லை, அதில் இத்தனை பேருக்குப் பெயர்ப் பொருத்தமின்மை. "ஏராளமானோர்" என்று எழுதாதீர்கள்.

படி 3: ஜமாத்

விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே பள்ளிவாசல் ஜமாத்தின் முத்தவல்லியை (நிர்வாகத் தலைவரை) பார்த்து ஆதரவுக் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் வாழ்த்தை விட இரண்டு விஷயங்கள் முக்கியம்: ஞாயிறு காலை மதரஸா கூடத்தைத் தருகிறோம், ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) பின் அறிவிப்புச் செய்கிறோம். ஜமாத் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்குவது இன்னும் நல்லது. நடுவில் நிர்வாகம் மாறினால் வாய்மொழி உறுதியைப் புதியவர்களிடம் காட்ட முடியாது.

படி 4: செலவுக் கணக்கு

ஆறு மாதம், 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு; உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண் பணியாளர் இருவருக்கு மாதம் 3,000 வீதம் 36,000
பிரிண்டர், ஸ்கேனர் 14,000
இணையம், காகிதம், மை 9,000
பஸ், ஆட்டோ 6,000
இரண்டு முகாம்கள், தலா 30 பேர், ஆளுக்கு 150 வீதம் 9,000
நோட்டீஸ் 6,000
கணக்குத் தணிக்கை 8,000
கடைசியில் மறு கணக்கெடுப்பு 5,000
கையிருப்பு 7,000

தொடக்க விழா, ஃப்ளெக்ஸ், பொன்னாடை எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை இருந்தால் தேர்வுக் குழுவின் பேனா முதலில் அங்கேதான் போகும். ஊரில் ஜகாத் (இஸ்லாத்தின் கட்டாய தானம்) பணம் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஜகாத் யாருக்குச் சேரும் என்று குர்ஆன் எட்டுப் பிரிவாக வரையறுத்திருக்கிறது. பிரிண்டர் மை அதில் வராது.

வெளிநாட்டு அமைப்பு தரும் ஃபெல்லோஷிப் என்றால், எது உங்கள் சொந்த உதவித்தொகை, எது திட்டப் பணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திட்டப் பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்சிஆர்ஏ) குறுக்கே வரலாம். எஃப்சிஆர்ஏ பதிவுள்ள ஒரு டிரஸ்ட் தன் பெயரில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறொருவருக்கு மாற்றக் கூடாது. ஆடிட்டரைப் பார்த்த பின் கையெழுத்துப் போடுங்கள்.

படி 5: காலமும் கணக்கும்

போர்ட்டல் பொதுவாகப் பள்ளி திறந்த பிறகுதான் விண்ணப்பங்களுக்குத் திறக்கும். ஆகவே முதல் மூன்று மாதம் பெயர்த் திருத்தம், ஆதார் இணைப்பு. பதிவேற்றம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக எழுதிய விண்ணப்பம், களம் தெரியாதவர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்று எண்களைத் தனித்தனியாக வையுங்கள்: பதிவேற்றியவை, பள்ளி சரிபார்த்தவை, வங்கிக்கு வந்தவை. பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பம் பள்ளியில் சரிபார்க்கப்படாமல் கிடந்தால் பணம் வராது. எனவே சரிபார்ப்பைப் பார்க்கும் ஆசிரியரைச் சந்திக்க வாரத்தில் ஒரு நாளை அட்டவணையிலேயே ஒதுக்குங்கள்.

ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதிவேற்றியதும் தாளை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுங்கள், ஸ்கேன் கோப்பை அவர் எதிரிலேயே அழியுங்கள். ஓடிபியை அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டு வாங்குங்கள், ஃபோனில் கேட்க வேண்டாம். ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்து மோசடிக்காரன் கூப்பிடும்போதும் ஓடிபியைச் சொல்லிவிடுவார்கள்.