தண்ணீரில் இதயம் நின்றால்: ரோயிங் குழுவும் பயிற்சியாளரும் செய்ய வேண்டியவை

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகின் அகலம் ஓர் ஆள் உட்காரும் அளவுதான். அதற்குள் யாரையும் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த முடியாது. பயிற்சியாளரின் மோட்டார் படகோ கரையோ, கெட்டியான தளம் எது முதலில் கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோக வேண்டும். உதவியில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

வலித்துக்கொண்டிருப்பவர் துவண்டு, கூப்பிட்டும் பதில் தராமல், சீரான மூச்சும் இல்லாமல் கிடந்தால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி தேடாதீர்கள். முதல் சில நொடிகள் கைகால் வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று காத்திருந்துவிடுவார்கள். வாயைத் திறந்து திறந்து திணறுவதும் மூச்சில்லை. துடுப்பு தண்ணீரில் சிக்கி, கைப்பிடி நெஞ்சில் மோதிய உடனே நல்ல திடகாத்திரமான இளைஞர்கூட இதயம் நின்று சாயலாம்.

காக்ஸ், அதாவது படகைத் திருப்பிக் குழுவுக்குக் கட்டளை சொல்பவர், படகை நிறுத்தி மோட்டார் படகைக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் துடுப்பின் இலையைத் தண்ணீர்மேல் தட்டையாக வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும். சரிந்தவர் விட்ட துடுப்பை யாராவது பிடிக்காவிட்டால் படகு அந்தப் பக்கம் சாயும். அவருக்குப் பின்னால் இருப்பவர் அவரைத் தன் முழங்கால்மேல் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடிக்கட்டும். முன்னால் இருப்பவர் திரும்பி, படகோடு பொருத்திய ஷூக்களின் வெல்க்ரோவை இழுத்து அவர் கால்களை விடுவிக்கட்டும். முன்னால் இருப்பவரின் கையெட்டும் தூரத்தில்தான் அந்தக் கால்கள் இருக்கும்.

மோட்டார் படகு நெருங்கியதும் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, அதன் முனையை இரண்டு ரிக்கர்களுக்கு (துடுப்பைத் தாங்கப் படகின் பக்கவாட்டில் நீளும் சட்டங்கள்) நடுவே நுழைத்து, அக்குளில் கைகொடுத்து அவரை உள்ளே இழுங்கள். குழுவில் ஒருவர் கூடவே ஏறியாக வேண்டும். படகோட்டுபவரால் நெஞ்சையும் அழுத்த முடியாது. தனியாளாக இருந்தால், ஒரு நிமிடத்தில் கரை சேர முடியுமானால் மட்டும் முதலில் கரைக்கு விரையுங்கள்.

மோட்டார் படகின் தரை காற்றடைத்ததாக இருந்தால் அமுங்கும், பலகைமேல் படுக்கவையுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். பழகியவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு மட்டும் மூச்சுக் கொடுத்துத் தொடங்குங்கள். படகு குதிக்கும் வேகத்தில் போனால் அழுத்தம் வீணாகும்.

இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கரையிலுள்ள படகு வீட்டில் பூட்டி வைத்தால் பயனில்லை. கத்தரி, துண்டு, ரேசர், மூச்சுக் கொடுப்பதற்கான வாய்மூடி ஆகியவற்றோடு நீர்புகாப் பையில் மோட்டார் படகிலேயே இருக்கட்டும். உடையை வெட்டி, நெஞ்சைத் துடைத்து, கருவியின் ஒரு பட்டையை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். தரை ஈரமாக இருப்பது தடையல்ல. பட்டை தண்ணீரில் கிடக்கக் கூடாது. கருவி ஆராயும்போது எஞ்சினை நிறுத்துங்கள், அவரை யாரும் தொடாதீர்கள்.

ஆம்புலன்ஸ் அழைப்பு இந்தியாவில் 108, கொழும்பின் பேரை ஏரியில் என்றால் 1990. ஆம்புலன்சுக்கு ஆறு வழியல்ல. தெருப் பெயர் தேவை. அடையாறு போன்ற கழிமுகப் பகுதியில் வற்றத்தின்போது சேறு வெளிப்படும். ஆகவே எந்த நேரத்தில் எந்தப் படித்துறையில் ஏறலாம், அதன் கேட் சாவி யாரிடம் என்பதைப் பயிற்சிக்கு முன்பே எழுதி வையுங்கள்.

நினைவோடு நெஞ்சு இறுக்கம் சொல்பவரை வலித்துத் திரும்ப விடாதீர்கள். மோட்டார் படகில் சாய்த்து உட்காரவையுங்கள். கடும் உழைப்பின் நடுவே மயங்கித் தானே தெளிந்தவரும் அன்றே மருத்துவமனை போக வேண்டும். இதய மருத்துவர் அனுமதிக்கும்வரை அவருக்குப் படகில் இடமில்லை.