யூரிப்பிடீஸின் கோரஸுக்கு இன்று மெட்டமைக்க

முதல் வேலை மாத்திரைக் கணக்கு. பழகுவதற்கு, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘ஒரெஸ்தெஸ்’ (கி.மு. 408) நாடகத்தில் கோரஸ் (பாடி ஆடும் குழு) பாடும் 339ஆம் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி இசைக்குறிகளோடு ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) கிழிசலில் கிடைத்து, வியன்னாவில் இருக்கிறது. க-தொ-லொ-ஃபூ-ரொ-மாய், அதாவது ‘புலம்புகிறேன்’. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 போட்டால் 1+1+1+2+1+2 = 8. இதுதான் டாக்மியக் சந்தம்; நாடகத்தில் பதற்றம் ஏறும் இடங்களில் வரும். நம் யாப்பு அசையாகப் பிரிக்காதீர்கள். தனிக்குறிலும் தனிநெடிலும் அங்கே நேரசைதான். லகு (குறுகியது), குரு (நீண்டது) என்று எண்ணுங்கள்.

பாப்பிரஸில் அடுத்து வரும் ‘மா-தெ-ரொ-சை-மா-சாஸ்’ என்ற தொடரில் ஐந்தாவது ‘மா’ குறில். கூட்டினால் 9 வரும், பிழையல்ல. இச்சந்தத்தின் முதலிடம் நெடிலாகவும் வரலாம். இசை மென்பொருளில் தாளத்தை 8/8 என்று பூட்டிவிட்டால் இங்கேதான் கோரஸ் தடுமாறும். அந்த வரிக்கு மட்டும் 9/8 ஆக்குங்கள். ஓர் அசைக்கு இரண்டு சுரம் வேண்டுமானால் தயங்க வேண்டாம். பாப்பிரஸிலேயே ‘ஹோஸ்’ என்ற சொல்லின் உயிரெழுத்தை இருமுறை எழுதியிருக்கிறார்கள், நம் அளபெடை மாதிரியே.

சுருதிக்குப் பண்டைய கிரேக்கக் கணிதர் ஆர்கிட்டஸின் என்ஹார்மோனிக் (கால் சுர அளவு இடைவெளிகள் கொண்ட நான்கு சுர அமைப்பு) கணக்கு; அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் விகிதம் கீழிருந்து 28:27, 36:35, 5:4. (பாப்பிரஸின் குறிகளைக் குரோமாட்டிக்காகவும், அதாவது அரைச் சுர அமைப்பாகவும் படிக்கலாம்.) கீபோர்டில் ஈ அப்படியே இருக்கட்டும். எஃப் கட்டையை 37 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), எஃப் ஷார்ப்பை 88 சென்ட், ஏ-யை 2 சென்ட் இறக்குங்கள்.

பாடுபவர்கள் வழுக்குவது இரண்டாம் சுரத்தில். காது பழகிய அரைச் சுரத்துக்கு அது தானாக ஏறிவிடும். கீழிருந்து ஏற்றிக் கற்பித்தால் சரியாவது கடினம். ஏ-யை ஆதார சுருதியாக ஒலிக்கவிட்டு, அதிலிருந்து மூன்றாம் சுரத்துக்கு 5:4 இறங்கச் சொல்லுங்கள். இரு ஒலிகளும் மோதி எழும் அலையடிப்பு நின்றால் இடம் சரி. பிறகு ஈ. இடையிலுள்ள இரண்டாம் சுரத்தைக் கடைசியில் செருகலாம்.

யூரிப்பிடீஸின் சமகால நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் காலத்துக் கோரஸில் 15 பேர். துணைக்கு ஓர் ஔலோஸ், இரட்டைக் குழல், சீவாளி வைத்தது. ஓபோ போதும், அதே மெட்டை ஒட்டி வாசிக்கட்டும். கார்டு சேர்த்தால் கால் சுரங்கள் வெறும் அபஸ்வரமாகத்தான் கேட்கும்.

ஆளே கிடைக்காவிட்டால் நவீன கிரேக்க இசையமைப்பாளர் செனாகிஸ் 1987இல் ‘கஸாண்ட்ரா’ என்ற படைப்பில் செய்ததைப் பாருங்கள்: ஒரே பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர், கஸாண்ட்ரா பாத்திரத்துக்குப் பொய்க்குரல் (ஃபால்செட்டோ), கோரஸுக்குத் தன் கீழ்க்குரல், கூடத் தாளவாத்தியம்.