டான் டிரேகரைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஜப்பானின் பழைய போர்க்கலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினால், சீக்கிரமே டான் டிரேகர் (1922–1982) என்ற பெயரில் போய் நிற்போம். அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். ஜூடோ பயின்று, ஜப்பானிலேயே பல ஆண்டுகள் தங்கி, சிபா பகுதியின் கதோரி ஷிந்தோ-ரியூ வாள் மரபில் சேர்ந்து பயிற்சி எடுத்தவர். தான் பழகியதை எழுதியவர் என்பதுதான் அவருடைய பலம்.

அவரைக் கராத்தே வகுப்புக் கண்ணோடு படிப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ‘கொர்யூ’ எனப்படும் பழைய மரபுகள், சாமுராய் ஆட்சி முடிந்து பேரரசர் ஆட்சி மீண்ட 1868 மெய்ஜி மாற்றத்துக்கு முந்தியவை. ஜூடோ 1882இல்தான் பிறந்தது. ஒகினாவாவின் கராத்தேயை அந்தத் தீவின் ஆசான் ஃபுனகோஷி டோக்கியோவில் செய்துகாட்டியது 1922இல். கறுப்பு பெல்ட்டுக்காரர்களைப் படிப்படியாகப் பிரிக்கும் ‘டான்’ தரவரிசையைப் போர்க்கலைக்குக் கொண்டுவந்தவரும் ஜூடோவை உருவாக்கிய கானோதான். பழைய மரபுகளில் பெல்ட் கிடையாது. உரிமச் சான்றும் சுருள் ஏடும்தான். அங்கே போய் “என்ன பெல்ட்?” என்று கேட்பது, குருகுலத்தில் போய் ஹால் டிக்கெட் கேட்பதுபோல.

இதைவிடப் பெரிய சறுக்கல் ‘கத்தா’, அதாவது முன்பே வகுத்த அசைவுத் தொடர், விஷயத்தில். கராத்தேயில் ஒருவர் தனியாக, எதிரே ஆளில்லாமல் செய்வதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பழைய வாள் மரபுகளில் கத்தா பெரும்பாலும் இருவர் செய்வது. அதிலும் ஒரு விசித்திரம்: தோற்கும் பக்கத்தை எடுத்துக்கொள்பவர் மூத்தவர். அவர் தாக்குவார், கடைசியில் வெட்டுப்படுவார். மாணவர் ஜெயிப்பார். எந்த வேகத்தில், எவ்வளவு நெருங்கி, எந்தக் கணத்தில் இடைவெளி கொடுப்பது என்று மூத்தவர் தீர்மானிப்பதால், மாணவரின் தரத்துக்கு ஏற்ப ஒரே கத்தா கடினமாகிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் “நடனம் மாதிரி இருக்கிறதே, சண்டையில் உதவுமா?” என்று கேட்பவர்கள் நிறைய. யூடியூபில் பார்த்தால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம், டிரேகர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்வது. போருக்கானது ‘புஜுட்சு’, மனத்தைப் பண்படுத்துவது ‘புடோ’ என்று அவர் கோடு போட்டுப் பிரித்தார். படிக்க வசதியான பிரிவுதான். ஆனால் அந்தக் காலத்து ஜப்பானியர் இந்தச் சொற்களை அவ்வளவு கறாராகப் பிரித்துப் பயன்படுத்தவில்லை என்று பின்னால் வந்த வரலாற்றாய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, நம் ஊரில் அதிகம் காணும் தவறு: எல்லாவற்றையும் போதிதர்மரில் கொண்டுபோய் முடிப்பது. அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவும் சீனாவில் எழுதப்பட்டது. கதோரிக்காரர்கள் தங்கள் மரபின் நிறுவனராகக் காட்டுவது 15ஆம் நூற்றாண்டின் ஈஸாஸா இயெனாவோவை. அவர் கதோரி கோயிலில் ஆயிரம் நாள் தவமிருந்து, தெய்வத்திடமிருந்தே இந்தக் கலையைப் பெற்றார் என்பது அவர்கள் மரபு. அதுவும் தொன்மக் கதைதான். ஆனால் அதில் காஞ்சிபுரம் வராது.