கத்திரி வெயிலில் குளிர்ச்சி: எங்கே தவறுகிறோம்?

‘தயிர் குளிர்ச்சி’ என்று மூன்று வேளையும் தயிர்ச்சோறு சாப்பிடுகிறவர்கள் உண்டு. தொட்டால் சில்லென்று இருப்பது வேறு, உடம்புக்குள் போனபின் செய்யும் வேலை வேறு. ஆயுர்வேதம் தயிரைக் கனமானது, உஷ்ண வீரியம் கொண்டது, அதாவது உள்ளே போனதும் சூட்டை உண்டாக்குவது என்கிறது. கோடையிலும் இரவிலும் தவிர்க்கச் சொல்கிறது. நம் ஊர் வழக்கம் ‘மோர் பெருக்கி’ என்பது. ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு மத்தால் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். கரண்டியால் கலக்கினால் அது மோர் ஆகாது, தண்ணீர் விட்ட தயிர்தான். நேற்றைய புளித்த தயிரும் வேண்டாம். புளிப்பு ஏறினால் சூடும் ஏறும்.

குளிர்ச்சி தரும் மூச்சுப் பயிற்சியான சீதளியையும் பலர் தவறாகச் செய்கிறார்கள். நாக்கைக் குழல்போல் சுருட்டி, நுனியை உதட்டுக்கு வெளியே சிறிது நீட்டி, அந்தக் குழல் வழியே 4 எண்ணும் நேரம் மூச்சை இழுங்கள். பிறகு நாக்கை உள்ளே இழுத்து, வாயை மூடி, மூக்கு வழியாக 6 எண்ணும் நேரம் விடுங்கள். பலர் அவசரத்தில் வாயாலேயே விட்டுவிடுகிறார்கள். உள்ளே போகும் காற்று நாக்கின் ஈரத்தை ஆவியாக்கும்போதுதான் குளிர்ச்சி தெரிகிறது. அதனால் நாக்கு வறண்டிருந்தால் பயனில்லை. முதலில் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். சென்னை போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவாகவே தெரியும். அதற்காக வேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும்.

நாக்கு சுருளவில்லையா? அது பலருக்கும் வராது. பற்களை லேசாகச் சேர்த்து, இடுக்கு வழியே ‘ஸ்ஸ்’ என்று இழுக்கும் சீத்காரி போதும். பல் கூசுபவர்கள் அதையும் விடலாம். வாய்க்கு மூக்கைப் போலத் தூசியை வடிகட்டத் தெரியாது. சாலையோர மாடியிலோ, ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலோ உட்கார வேண்டாம். 5 சுற்றில் தொடங்குங்கள். ஆஸ்துமா, சளி, குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

உடற்பயிற்சியின் அளவும் முக்கியம். ஆயுர்வேதக் கணக்கில் கோடையில் உடல் வலிமை மிகக் குறைவு. நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி வாய் உலரும் நிலையை அரை சக்தி என்பார்கள். குளிர்காலத்துக்கே அதுதான் எல்லை என்றால், கோடையில் அதற்கும் முன்னால் நிறுத்த வேண்டும். 108 சூரிய நமஸ்காரம் செய்யும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். பஸ்திரிகா, கபாலபாதி, சூரிய பேதனம் ஆகிய மூச்சுப் பயிற்சிகள் உடம்பில் சூட்டைக் கிளப்புபவை, கத்திரி முடியட்டும். விடியற்காலையில் மெதுவான ஆசனங்கள், கடைசியில் 10 நிமிடம் சவாசனம், அது போதும்.

கோடை என்றாலே பித்தம் என்று நினைப்பதும் பாதி உண்மைதான். ருதுசரியை எனும் ஆயுர்வேதப் பருவகால ஒழுக்கத்தின் கணக்கில் கோடையில் சேர்வது வாதம், அதாவது வறட்சி. வெறும் பழச்சாற்றில் பட்டினி கிடப்பதும், ஐஸ் தண்ணீரில் பசியை அணைப்பதும் அந்த வறட்சியை வளர்க்கும். வெட்டிவேர் ஒரு பிடியைக் கழுவி மண்பானைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடியுங்கள். சோற்றில் ஒரு கரண்டி நெய் விடுங்கள். பகல் தூக்கத்துக்கு ஆயுர்வேதம் பொதுவாக இடம்கொடுக்கும் பருவம் கோடைதான், அரைமணி நேரம் கண்ணயர்ந்தால் தவறில்லை. சிறுநீரக நோயாளிகள் மட்டும் இளநீரைத் தினமும் குடிக்கும்முன் மருத்துவரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறி, உடம்பு கொதித்து, தடுமாறினால் அங்கே சீதளிக்கு வேலையில்லை. உடனே 108க்கு அழையுங்கள். நிழலில் படுக்கவைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.